சாமி அறையில் தொங்கிய ஃபான் பெல்ற்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணிக்கு இருபாலைச் சந்தியில் நின்றவர்கள் ஒரு வேடிக்கை பார்த்திருப்பார்கள். காருக்குள் வெள்ளை உடுப்பில் ஒரு கலியாணப் பொம்பிளை. வெளியே, திறந்த பொனற்றுக்கு முன்னால், ஒரு கிழவன் பட்டுத்துணிப் பொட்டலம் ஒன்றை மெல்ல மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

கிழவன் நான்தான். பொட்டலத்துக்குள் இருந்தது நகை இல்லை. ஃபான் பெல்ற்!

"மார்க்கண்டர் பொம்பிளையை நடுறோட்டில் நிற்பாட்டிவிட்டாராம்" என்று கோப்பாய் முழுவதும் கதை. வாரா வாரம் பள்ளிக் கொப்பித்தாளில் அச்சாகிற இந்தப் பேப்பரில் என்னை வாசிக்கிறவர்களுக்கு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவன் சொன்னால் கையும் காலும் முளைக்கும். நான் சொன்னால் கை மட்டும்தான் முளைக்கும்.

என்னைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பதினொரு வயதில் வாடகைக் கார் கழுவப் போனேன். இன்று சொந்தக் கராஜ், சொந்தக் கார், கல்வீடு. டொக்டர்மார் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதை நான் என்ஜினில் ஸ்குரூ ட்ரைவரை வைத்துக் கேட்பேன். இந்தப் பத்தியில் எழுத்துப்பிழை திருத்துவது ஆசிரியர். அவருடைய மோட்டார் சைக்கிளில் பிழை திருத்துவது நான். யாருக்கு வேலை அதிகம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

சரி, பெல்ற்றுக்கு வருவோம்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டுவது என்றால் என்ன? மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, என்ஜினை ஏமாற்றி எழுப்பி, அது விழித்துப் பார்ப்பதற்குள் மண்ணெண்ணெயைக் கொடுத்துவிட வேண்டும். குழந்தைக்கு முதலில் சீனி, பிறகு கசாயம் கொடுப்பதுபோல. பொருளாதாரத் தடை வந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு பிளக் வராது, ஒரு போல்ற் வராது. இருந்தும் என் ஏ-40 ஓடுகிறது. கலியாணம் என்றால் கோப்பாயில் அந்தக் கார்தான். வேறு கார் இல்லை என்பதும் ஒரு காரணம்... ஆனால் அது சின்னக் காரணம்.

என்ஜினின் முன்பக்கத்தில் மூன்று சில்லுகளைச் சுற்றி ஓடுகிற ரப்பர் வளையம்தான் ஃபான் பெல்ற். காற்றாடி, தண்ணீர்ப் பம்ப், டைனமோ – மூன்றையும் சுற்றுவது அதுதான். மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜினுக்கு ஏற்கெனவே காய்ச்சல். பெல்ற்றும் அறுந்தால் அரை மைலில் சன்னி.

அதனால்தான் நான் ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன் கொழும்புக்குப் போனபோது வாங்கிய புத்தம்புதுப் பெல்ற். மேசை லாச்சியில் வைத்தால் களவு போகும். சாமி அறையில் கை வைக்கிற கள்ளன் இருப்பானா? பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், குத்துவிளக்குக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்துக் கொழுவினேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு, பூ. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தேத்தண்ணீர், பிறகு பெல்ற் தரிசனம்.

ஐந்து மாதத்துக்கு முன் செல்லத்துரை வந்தான். அவனும் வாடகைக் கார்க்காரன். அவனுடையதும் ஏ-40. பெல்ற் அறுந்து கார் மாமரத்தடியில் கல்லில் நிற்கிறது என்றான்.

"அண்ணை, உந்தப் பெல்ற்றைத் தாருங்கோ. எங்கையெண்டாலும் தேடி ஒண்டைத் திருப்பித் தாறன்."

"அது சாமிக்கு ஒப்புக்குடுத்தது, செல்லத்துரை. கேக்கக் கூடாது."

"சாமி எப்ப அண்ணை கார் வாங்கினது?"

நான் சிரிக்கவில்லை. அவன் போய்விட்டான். அதன்பிறகு சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் வெங்காயம் கட்டிப் பட்டினத்துக்கு விற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்.

இனி பொம்பிளை. பெயர் றீற்றா. கரையூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். மூன்று வருடமாக இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். தகப்பன் அந்தோனியின் வலது கையில் மூன்று விரல் இல்லை. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

கலியாணம் காலை ஒன்பது மணிக்கு, கரையோரத்தில் அவர்களுடைய பழைய பங்குக் கோயிலில். அடுத்த நாள் விபூதிப் புதன். எங்களுக்குத் தினமும் விபூதி. அவர்களுக்கு வருடத்தில் ஒரு புதன்கிழமை. அன்று தொடங்கினால் பாஸ்குப் பெருநாள் வரை நாற்பது நாள் தவக்காலம். கலியாணம் செய்து வைக்க மாட்டார்கள். நாற்பது நாள் என்ன பெரிய நாளா என்று கேட்பீர்கள். நாற்பது நாளில் யார் எங்கே இருப்பார் என்று இங்கே யாராவது எழுதிக் கையெழுத்து வைப்பீர்களா?

அதோடு இன்னொன்று. கடைசி நாள் என்பதால் சுவாமியாருக்கு அன்று இரண்டு கலியாணம். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பங்கில், பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி. சைக்கிளில் போக வேண்டும். ஒன்பதரைக்குள் பூசை தொடங்காவிட்டால் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு கலியாணத்துக்கும் சுவாமியார் ஒருவர். இரண்டு கலியாணத்துக்கும் வெள்ளைச் சட்டையும் ஒன்று! ஏழு பொம்பிளைகள் இரவல் வாங்கி உடுத்த சட்டை அது. றீற்றா எட்டாவது. மத்தியானம் ஒன்பதாவது.

அன்று காலை நான் வெளிக்கிடும்போது என் வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கார் பூனைக்குட்டி மாதிரிக் கத்துது. பொம்பிளை ஏத்தப் போறியள். இண்டைக்கெண்டாலும் சாமிப் பெல்ற்றைப் போடுங்கோவன்."

"உனக்கென்ன தெரியும்? இது இன்னும் ஆறு மாசம் ஓடும்."

சொன்னேனே தவிர, சாமிப் பெல்ற்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் ஓடும் என்ற பெல்ற் ஒன்றரை மைல் ஓடியது.

இருபாலைச் சந்தியில் 'டப்' என்றது. முன் சீற்றில் இருந்த அந்தோனி சட்டென்று குனிந்தார். நாங்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான். முதலில் குனிவோம், பிறகு கேட்போம்.

"என்ன அண்ணை, எங்கை ஷெல் அடிக்கிறான்?"

"அடியில்லை, பெல்ற். அஞ்சு நிமிசம். மார்க்கண்டுவிட்டை இல்லாத சாமானே?"

சந்தியில் சைக்கிள்கள் நின்றன. கூட்டம் வந்தால் எனக்குக் கை நன்றாக ஓடும். டைனமோ போல்ற்றை இளக்கினேன். பொட்டலத்தை அவிழ்த்தேன். எல்லோருக்கும் தெரியும்படி பெல்ற்றை ஒருதரம் தூக்கிப் பிடித்தேன். சந்தனமும் குங்குமமும் கண்டு ஒருவர் செருப்பைக் கழற்றினார். பொய்யில்லை.

கீழ்ச் சில்லில் போட்டு வளைத்தேன்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம். கையில் இரண்டு துண்டு, நிலத்தில் நாலு துண்டு.

ஐந்து வருடம், காலையும் மாலையும், எரிகிற விளக்குக்கு மேலே ரப்பரைத் தொங்கவிட்டவன் யார்? கராஜுக்கு வருகிறவனுக்கெல்லாம் "ரப்பரைச் சூட்டுக்குக் கிட்ட வையாதை" என்று புத்தி சொல்கிற அதே ஆள்தான். ஆனால் அந்த விளக்கை நான் நெருப்பு என்று நினைக்கவில்லையே... சாமி என்றல்லவா நினைத்தேன்!

"அண்ணை, சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் உப்பிடித்தான்" என்று ஒரு குரல். பார்த்தால் செல்லத்துரை. சைக்கிள் கரியரில் ஒரு கட்டு வெங்காயம். சந்தி முழுவதும் சிரித்தது.

நான் சளைப்பேனா? யாரோ கொடுத்த பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, முடிந்து, மாட்டினேன். என்ஜினை எழுப்பினேன். முடிச்சுச் சில்லில் ஏறியதும் ரியூப் பிய்த்துக்கொண்டு பறந்து ஒருவருடைய தேங்காய்ப் பையில் விழுந்தது. சீலைக்கிழிசல், தும்புக்கயிறு என்று கூட்டம் யோசனை சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி – முடிச்சு.

மணி எட்டு முப்பத்தைந்து. பின் சீற்றில் தாய் செபமாலையை உருட்டி உருட்டி அழுதாள். "நாளைக்கு விபூதிப் புதன், என்ரை மாதாவே..." பெற்றோல் போத்தலைப் பார்த்தேன். இன்னும் ஒரேயொரு தரம் ஸ்ரார்ட் பண்ணத்தான் போதும்.

செல்லத்துரை யன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, இறங்கும். மூண்டு சைக்கிள் பிடிப்பம். உம்மையும் அப்பா அம்மாவையும் ஏத்திக்கொண்டு போவம்."

றீற்றா சட்டையின் விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். தரையைத் தொடுகிற வெள்ளை. "இதோடை சைக்கிளிலை ஏறினால் சில்லுக்குள்ளை போயிடும், அண்ணை. கிறீசு பிடிச்சாலும் போச்சு. அங்கை அடுத்த பொம்பிளை இந்தச் சட்டைக்குக் காத்துக்கொண்டு இருக்கிறாள்."

செல்லத்துரை வெங்காயக் கட்டை அவிழ்த்து என் காருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அப்ப நான் முன்னாலை போய்ச் சுவாமியாரை மறிக்கிறன். அண்ணை, வெங்காயத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ. சாமிக்கு ஒப்புக்குடுத்திடாதையுங்கோ."

போய்விட்டான். கோயிலுக்கு நாலு மைல். நான் வெங்காயக் கட்டைத் தூக்கிக் காருக்குள் வைத்தேன்.

"கயிறு எண்டால் முடிச்சு வேணும். முடிச்சு எண்டால் சில்லு எத்தும். இனி நான் என்ன செய்ய?" என்று அந்தோனியிடம்தான் சொன்னேன். பதில் பின் சீற்றிலிருந்து வந்தது.

"முடிச்சில்லாமல் கட்டலாம், ஐயா."

"பிள்ளை, நாற்பத்தைஞ்சு வருசமாய் நான் இந்தத் தொழில்..."

"ஓம் ஐயா. நான் வள்ளத்துக்கு வளையம் கட்டினனான்."

துடுப்பை வள்ளத்து ஓரக் கட்டையோடு சேர்த்து வைக்கிற கயிற்று வளையம் ஒன்று இருக்கிறதாம். அதில் முடிச்சு இருந்தால் துடுப்பு வலிக்கிறவனின் கையைத் தின்றுவிடுமாம். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்த வேலையெல்லாம் இவளுடையது.

"கயிறு?" என்றேன்.

காரின் பின்பக்கத்தில் அவளுடைய றங்குப்பெட்டியை இழுத்துக் கட்டியிருந்த நீல நைலோன் கயிற்றைக் காட்டினாள். சுண்டுவிரல் மொத்தம்.

அந்தோனி முதல் தரமாகக் குரலை உயர்த்தினார். "அது வள்ளத்துக் கயிறு, பிள்ளை."

"வள்ளம் எங்கை, அப்பா?"

அந்தோனி பின்னால் போனார். இடது கையாலும் பல்லாலும் கயிற்றை அவிழ்த்தார். கைகளை விரித்து இரண்டு பாகம் அளந்து, என் கத்தியை வாங்கி, தானே வெட்டினார்.

அவள் மடியில் ஒரு துவாயை விரித்தாள். அறுந்த பழைய பெல்ற்றின் நீளத்தை நான் நூலில் அளந்து கொடுத்தேன். மூன்று புரிக் கயிற்றில் ஒரு புரியை மட்டும் பிரித்து எடுத்தாள். அதை வளையமாக மடித்து, அது முன்பு கிடந்த முறுக்கிலேயே தன்னைத் தானே சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று... ஒரு புரி மூன்று புரி ஆகிவிட்டது. தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாத கயிறு! நுனிகளை என் ஸ்குரூ ட்ரைவரால் நெம்பி உள்ளே சொருகினாள்.

"பிள்ளை, நான் தந்த அளவிலும் மூண்டு விரல் குறையுது."

"நைலோன் இழுபடும், ஐயா."

"எனக்கு அளவு தெரியும்."

"உங்களுக்கு ரப்பரின்ரை அளவு தெரியும்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே. அந்தோனி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ.

நைலோன் நுனி பிரியாமல் சுட வேண்டும். நெருப்புப் பெட்டி யாரிடமும் இல்லை. என் சுருட்டு நெருப்பால்தான் சுட்டோம். இதைக் குறிப்பாக எழுதுகிறேன். என் சுருட்டு.

வளையத்தை மாட்டி, டைனமோவை நெம்பி, போல்ற்றை இறுக்கினேன். மூன்று விரல் குறைந்த வளையம் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கடைசிப் பெற்றோலை விட்டேன். பிடிக்காவிட்டால்? நான் யோசிக்கவில்லை. பொய்... யோசித்தேன்.

பிடித்தது. வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். சைக்கிள்காரர் கைதட்டினார்கள். யாருக்கு என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மெல்ல ஓட்டினேன். நல்லூரில் ஒருதரம் என்ஜினை நிற்பாட்டாமலே தண்ணீர் விட்டேன். வழி முழுவதும் அந்தோனி முன்னால் குனிந்து கயிற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். இந்தமுறை பயத்தில் குனியவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கோயில் வாசல். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் றோட்டில். நடுவில் சுவாமியார், அங்கியை மடித்துக் கட்டி, சைக்கிளைப் பிடித்தபடி. பக்கத்தில் செல்லத்துரை வியர்வையில் குளித்து நிற்கிறான். சைக்கிளின் இரண்டு சில்லிலும் காற்றில்லை.

"மார்க்கண்டர், உங்கடை ஆள் என்ரை வால்வு ரண்டையும் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டார்" என்றார் சுவாமியார். "பூசைக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லுங்கோ."

"அவன் சைவம், சுவாமி."

"அப்ப காத்தடிக்கச் சொல்லுங்கோ."

உள்ளே பூசை. வெளியே செல்லத்துரை காற்று அடிக்கிறான், நான் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மோதிரம் மாற்றுகிற நேரம் கதவடியில் போய் நின்று பார்த்தேன். மோதிரம் விரலில் ஏறவில்லை. மூன்று வருடம் கயிறு பிடிக்காத கை, அன்று காலை இழுத்த இழுவையில் வீங்கியிருந்தது. மாப்பிள்ளையும் கடல்காரப் பிள்ளைதான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"கயிறு இழுத்தனியோ?"

"பிறகு சொல்லுறன். தள்ளுங்கோ" என்றாள் அவள்.

தள்ளினான். ஏறியது.

பன்னிரண்டு மணிக் கலியாணத்துக்கு வெள்ளைச் சட்டை என் காரில் போனது. என்ஜினை எழுப்பக் கோயிலடியில் யாரோ சேர்த்து வைத்திருந்த நாலு துளி பெற்றோல் கிடைத்தது. சுவாமியார் சைக்கிளில்தான் போனார். என் காரில் ஏறுகிற அளவுக்கு அவருக்கு விசுவாசம் போதவில்லை.

கயிறு இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டுதரம் இறுக்கினேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தோனி வீட்டுக்குப் போய், விருந்துக்கு வந்திருந்த றீற்றாவிடம் இன்னொரு வளையம் கேட்டேன். மிச்சக் கயிற்றை அந்தோனியே எடுத்துக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் கட்டித் தந்தாள். இந்தமுறை நான் அளவு சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள். "ஆணியிலை கொழுவட்டோ?"

நான் காரைத் திருப்பிக்கொண்டு செல்லத்துரை வீட்டுக்குப் போனேன். மாமரத்தடியில் கல்லில் நின்ற காருக்குள் குனிந்து வளையத்தை நானே மாட்டினேன். டைனமோ போல்ற்றை அவன் இறுக்கினான்.

"அண்ணை, அப்ப சாமிக்கு?" என்று கேட்டான்.

"சாமிக்கு ஆணி போதும்" என்றேன்.